ஸ்பெயின் நாட்டு அரை இனிப்பு ரெட் ஒயினுடன் என்ன சாப்பிடலாம்?

பாட்டிலில் 'செமிதுல்சே' (ஸ்பானிஷில் அரை இனிப்பு) என்று இருப்பதைப் பார்த்து யாரோ உங்களிடம் "இதெல்லாம் ஒயினே இல்லை, ஜூஸ்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு தயங்கிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஸ்பெயினில், மூர்சியா ஊரில் ஒரு உணவகத்தில் பரிமாறும் வேலை செய்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல், 45 கிராம் வரை சர்க்கரை இருந்தால் அது செமிதுல்சே. சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும். நடுவிலேயே குளிரவைத்து ஈஸ்டை வடிகட்டிவிட்டால் மிச்சச் சர்க்கரை தங்கிவிடும். நொதித்து முடிந்த ஒயினில் திராட்சைச் சாறு சேர்ப்பதும் உண்டு. எங்கள் பக்கத்து ஹுமியா, யெக்லா பகுதிகளில் விளையும் மொனாஸ்ட்ரெல் திராட்சை கடும் வெயிலில் பழுத்து நன்றாக இனிப்பேறும். அதே திராட்சையை இன்னும் பழுக்கவிட்டு, அலிகாந்தேயில் ஃபோன்டியோன் என்ற ஒயின் செய்கிறார்கள். குறைந்தது 10 வருடம் மரப்பீப்பாயில் இருக்கும். அதில் இனிப்பானவையும் உண்டு, அதை மட்டும் யாரும் ஜூஸ் என்று சொல்வதில்லை.

ஒரு கோடைக்கால இரவு, அப்பாவும் மகளுமாக ஒரு மேஜை. மகள் செமிதுல்சே கேட்டாள். அப்பா ஓக் பீப்பாயில் வைத்த கனமான ரெட் ஒன்றை வாங்கிக்கொண்டு, எங்கள் காதுபடவே மகளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண் தலையே நிமிரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவிடம், மிச்சிரோனெஸ் சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். நம்மூர் மொச்சைக்கு அண்ணன் மாதிரி ஒரு காய்ந்த பயறு. நன்றாக ஊறவைத்து, பன்றி எலும்பு, சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி, பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். மண்சட்டியில் செம்மண் நிற எண்ணெய் மிதக்க, கொதிக்கக் கொதிக்க மேஜைக்கு வரும். அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டுத் தன் ஒயினைக் குடித்ததும் முகம் சுருங்கியது. ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தைக் கிளறிவிடும், உப்பும் காரமும் உள்ள இடத்தில் கொஞ்சம் இனிப்புதான் அமர்த்தும். கொஞ்ச நேரத்தில் மகளின் பாட்டிலிலிருந்து தனக்கும் ஊற்றிக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை. ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எங்கள் கரும்பலகையில் மிச்சிரோனெஸுக்குக் கீழே அந்த ஒயினின் பெயரும் இருக்கிறது.

துவர்ப்பான ஒயினை நான் குறைசொல்லவில்லை. சுட்ட ஆட்டுக்கறிக்கு அதுதான் சரி. குடியை ஊக்குவிக்கிறேன் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம், குடிக்காதவர்கள் குடிக்காமலே இருப்பது நல்லது.

சீஸ் கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் ஊர் ஆட்டுப்பால் சீஸ் ஒன்றை ரெட் ஒயினிலேயே ஊறவைக்கிறார்கள். தோல் ஊதாவாக, உள்ளே வெள்ளையாக இருக்கும். அதற்கும் இந்த ஒயினுக்கும் அப்படி ஒரு ஒட்டுறவு. வடக்கு ஸ்பெயினில் அஸ்தூரியாஸின் கப்ராலெஸ் போன்ற, நீலப் பூஞ்சை ஓடிய சீஸும் பொருந்தும், உப்பு தூக்கலாக இருப்பதால். நம் வீட்டுச் சமையலோடு என்றால் மிளகாய் போட்ட வறுவல் தாராளமாகப் போகும். ஜாமூன், ஜிலேபி மட்டும் வேண்டாம். ஒயினை விடப் பலகாரம் இனிப்பாக இருந்தால் ஒயின் புளித்துத் தெரியும். கசப்பான டார்க் சாக்லேட் என்றால் சரி.

இதைச் சொன்னால் "நீ என்ன, ஊற்றிக் கொடுக்கிறவன்தானே" என்பார்கள். கேட்டரிங் படித்தவனைச் சொந்தக்காரர்கள் நடத்தும் விதம் இருக்கிறதே! எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் "பாரிலா வேலை?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பத்து மணி நேரம் நின்றே செய்கிற வேலை, மூன்று மொழியில் பேசிச் செய்கிற வேலை. இதற்கு மரியாதை இல்லை என்றால் எதற்கு இருக்கிறது?

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். அறை வெப்பத்தில் குடிக்காதீர்கள், இனிப்பு திகட்டும். ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, 12 முதல் 14 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். மிச்சமிருந்தால் மூடி மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாலு நாளில் முடித்துவிடுங்கள்.