சூரிய ஒளியிலிருந்து எரிபொருள்: மகள் விரும்பும் துறையில் வேலை கிடைக்குமா?

சூரிய ஒளியைக் கொண்டு எரிபொருளும் தொழிற்சாலைகளுக்கான வேதிப்பொருள்களும் தயாரிக்கும் ஆய்வில் ஈடுபட வேண்டும் என்று உங்கள் மகள் உறுதியாக இருப்பதாகவும், அதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அச்சத்தில் பாதி நியாயமானது.

1972-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின் மீது ஒளியைப் பாய்ச்சி, எரிபொருளான ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் நீரைப் பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். ஆனால் வெள்ளைப் பெயின்ட்டில் சேர்க்கப்படும் அந்தப் பொருள் புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும். சூரிய ஆற்றலில் அந்தக் கதிரின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலும் செயல்பட்டு, நீரில் அரிக்கப்படாமலும் நிலைக்கும் வினையூக்கியை (வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளை) தேடுவதே அன்று முதல் இத்துறையின் பெரும்பாடு. ஜப்பானிய வேதியியலாளர் கசுனாரி தோமெனின் குழு 100 சதுர மீட்டர் பரப்பில் தகடுகளை நிறுவி, வெட்டவெளியில் மாதக்கணக்கில் ஹைட்ரஜன் தயாரித்ததை 2021-இல் வெளியிட்டது; அதில் சூரிய ஆற்றலை ஹைட்ரஜனாக மாற்றுவதில் எட்டிய உச்சத் திறன் 0.76 சதவீதம். கடையில் விற்கும் சூரிய மின்தகடோ 20 சதவீத அளவுக்கு ஒளியை மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரத்தால் நீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுப்பதே இன்றைக்கு நடைமுறைக்கு ஏற்றது. ஆகவே, பட்டம் பெற்றவுடன் ஒளியையும் வினையூக்கியையும் கொண்டு எரிபொருள் தயாரிக்கும் ஆலை எதுவும் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்காது.

அச்சத்தின் மறுபாதி தேவையற்றது என்று நான் கருதுவதற்குக் காரணம், இத்துறை தரும் பயிற்சி. ஒளியின் உதவியால் கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து மெத்தனால் என்னும் எரிபொருள் கிடைத்தது என்று ஒரு மாணவி சொன்னால், அந்தக் கார்பன் உண்மையிலேயே வாயுவிலிருந்து வந்ததா, வினையூக்கியைத் தயாரித்தபோது ஒட்டிக்கொண்ட அழுக்கிலிருந்து வந்ததா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டும், வினையூக்கியைச் சேர்க்காமலும், வாயுவுக்குப் பதில் எதனோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கானைச் செலுத்தியும் அதே சோதனையைத் திரும்பச் செய்து, பிறகு கார்பன்-13 (வழக்கமான கார்பனைவிடச் சற்றே கனமான கார்பன் வகை) கொண்ட வாயுவைச் செலுத்தி, விளைபொருளில் அந்தக் கனமான கார்பன் இருக்கிறதா என்று நிறையைக் கொண்டு பிரித்தறியும் நிறை நிறமாலைமானியில் பார்த்தால்தான் முடிவை ஏற்பார்கள். இவ்வளவு நுணுக்கமாக அளக்கப் பழகியவர்களுக்கு பேட்டரி, பெட்ரோ வேதிப்பொருள், மருந்து நிறுவனங்களில் இடமுண்டு. மருந்துத் துறையில் ஒளியால் தூண்டப்படும் வினைகள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன, அங்கே சூரியனுக்குப் பதிலாக எல்இடி விளக்கு எரியும், அவ்வளவுதான்.

எனவே, இளநிலையில் இத்துறையின் பெயரையே தாங்கிய குறுகலான பட்டத்தைத் தேடாமல், மகளை வேதியியலிலோ வேதிப்பொறியியலிலோ சேர்த்துவிடுங்கள். இயற்பியல் வேதியியலையும் குறைகடத்தி (செமிகண்டக்டர்) இயற்பியலையும் அவர் தட்டிக்கழிக்கக் கூடாது. முனைவர் பட்டம் வரை போகும் மனம் இருக்கிறதா என்பதை முதுநிலையில் முடிவு செய்துகொள்ளலாம். அப்போது ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கையில், பேராசிரியரிடம் பேசுவதோடு நின்றுவிடாமல், அங்கே சில ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஆய்வு மாணவர் ஒருவரையும் உங்கள் மகள் தனியே சந்திக்கட்டும். கருவிக்காக எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, முன்பு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லக்கூடியவர் அந்த மாணவரே.