மோட்டாரைப் போடாதீங்கப்பா!

கேள்வி: கடலூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் ஊர். 2024 டிசம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 66 வயது. இருவரும் பள்ளிக்கூட முகாமில் ஆறு நாள் இருந்தார்கள். நான் அனுப்பிய பணத்தை எடுக்க முடியவில்லை, அப்பாவின் போன் தண்ணீரில் போய்விட்டது. வீடு திரும்பிய அன்றே அப்பா கிணற்று மோட்டாரைப் போட்டார், எரிந்துவிட்டது. அம்மா ஒரே நாளில் வீட்டைக் கழுவி முடித்துவிட்டார். கணக்கெடுக்க வந்தவர்களிடம் காட்ட எதுவுமில்லை. வீட்டுப் பத்திரம் நனைந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி அப்படி நடந்தால் இங்கிருந்து நான் எதை முதலில் செய்வது? உடனே விமானம் ஏறுவதா? அலுவலக நண்பர்கள் ஊருக்காகப் பணம் திரட்டலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? மோட்டார் எரிந்தது, நிவாரணம் கைநழுவியது, பத்திரம் ஒட்டிக்கொண்டது எல்லாமே தண்ணீர் வடிந்த பிறகு நடந்தவை. வெள்ள இரவில் அப்பாவும் அம்மாவும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள், உயிரோடு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தவறியது வீடு திரும்பிய நாளில். அந்த நாளில் போனின் மறுமுனையில் இருந்து "இது முதலில், அது அப்புறம்" என்று சொல்வதுதான் உங்கள் வேலை. அதற்கு வேண்டியவற்றை மழைக்கு முன்பே தயார் செய்து வைக்க வேண்டும்.

பணத்திலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரின் பேநவையும் இந்தியாவின் யுபிஐயையும் சேர்த்துப் போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்–யுபிஐ இணைப்பு 2023 பிப்ரவரியில் வந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 1000 சிங்கப்பூர் வெள்ளி வரை அனுப்ப இடமிருந்தது. சில நொடிகளில் பணம் போய்விடும், ஆனால் அது போவது போன் எண்ணை நம்பி இயங்கும் கணக்குக்கு. போன் போனால் ஓடிபி வராது. அதே எண்ணில் புது சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வேலை செய்யாது. மோசடியைத் தடுக்க இந்தியாவில் வைத்த விதி அது. ஊரில் மின்சாரம் இல்லாவிட்டால் ஏடிஎம்மும் இயங்காது. ஆகவே ஆற்றங்கரையில் இல்லாத ஓர் உறவினரின் கணக்கை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே 10 வெள்ளி அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். அம்மாவின் கையில் 100, 200 ரூபாய் நோட்டுகளாக ஒரு 5000 ரூபாய், தண்ணீர் புகாத பையில் எப்போதும் இருக்கட்டும். முகாமில் முதல் மூன்று நாள் உதவுவது அந்தப் பைதான்.

அடுத்து போன் எண்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108. இவை எல்லாம் ஊருக்குள் இருப்பவர் அழுத்த வேண்டிய எண்கள், சிங்கப்பூர் போனிலிருந்து அழைத்தால் அங்கே போகாது. வட்டாட்சியர் அலுவலகம், கட்டுப்பாட்டு அறை இரண்டின் முழுத் தரைவழி எண்ணையும் 91 சேர்த்துச் சேமித்து வையுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, பத்து இலக்க எண் என்பதால் இங்கிருந்தும் முயலலாம். கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கடைக்காரர், நம்பகமான ஒரு எலக்ட்ரீஷியன், இந்த மூவர் எண்ணும் உங்கள் போனில் இருக்க வேண்டும்.

எப்போது கிளம்பச் சொல்வது? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. ஆனால் தென்பெண்ணையின் மேல்பகுதியில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது டிசம்பர் 2 அதிகாலையில். கடலூரில் மழை ஓய்ந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் என்ன பெய்கிறது, சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதை நீங்கள் செங்காங்கில் உட்கார்ந்தே பார்க்கலாம். அணை திறப்பு ஏறத் தொடங்கியதும் பொழுதோடு கிளம்பச் சொல்லுங்கள். கிளம்பும்முன் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றி உயரத்தில் வைக்க வேண்டும், சிலிண்டர் ரெகுலேட்டரை மூட வேண்டும். மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய மாடுதான் சாகும்.

முகாமில் பதிவேட்டில் இருவர் பெயரும் ஏறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகாமில் தங்கியதற்கு அது ஒரு சாட்சி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு ஜிப் பையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டின் படம் உங்களிடம் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர் என்றால், திறந்த பாட்டில் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜ் இல்லையே என்று ஊசியை நிறுத்திவிடக் கூடாது. ஈரமணல் போட்ட பானைக்குள் சின்னச் சட்டியில் வைத்தால் போதும்.

இனி வீடு திரும்பும் நாள். பகலில் மட்டும், தனியாக இல்லாமல், கையில் கம்போடு போக வேண்டும். மேட்டைத் தேடி வந்த பாம்புகள் பரண், துணி மூட்டை, அடுப்படி என்று எங்கும் சுருண்டிருக்கும். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கை கால் அசையாமல் வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். மண்சுவர் அல்லது மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர் என்றால், நனைந்தபோது நின்ற சுவர் காயும்போது விழலாம். புது விரிசலோ, சாய்வோ தெரிந்தால் உள்ளே போகவே வேண்டாம்.

மோட்டார் ஏன் எரிந்தது? மோனோபிளாக் மோட்டாரின் (தண்ணீருக்கு வெளியே வைக்கும், பம்பும் மோட்டாரும் ஒன்றாக இருக்கும் வகை) காயிலில் ஈரமும் சேறும் ஏறிவிட்டால் கம்பிக்கும் கூட்டுக்கும் நடுவே மின்சாரம் பாய்கிறது, சுவிட்சைப் போட்ட கணமே புகைகிறது. போடாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, வைண்டிங் கடையில் பிரித்துக் காயவைத்து, பேரிங் மாற்றி, மின்கசிவை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஆழ்துளையில் இருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீரிலேயே வாழ்வது, அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியும் கண்டென்சரும்தான் நனைந்திருக்கும். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷினுக்கும் இதே கதைதான். தண்ணீர் ஏறிய உயரத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிளக் பாயின்டையும் திறந்து காயவைத்த பிறகுதான் மெயினைப் போட வேண்டும், அதையும் எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். மீட்டர் பெட்டி நனைந்திருந்தால் அது மின்வாரியத்தின் வேலை. அப்பாவிடம் இதைப் போனில் சொன்னால் "எனக்குத் தெரியும்மா" என்பார். ஸ்டார்ட்டர் பெட்டி மேலேயே ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

அம்மா கழுவியதில் தப்பில்லை, அவசரம்தான் தப்பு. துடைப்பம் எடுக்கும்முன் அரை மணி நேரம் படம் எடுக்க வேண்டும். கதவு எண் தெரிய வீட்டின் முன்பக்கம், பிறகு ஒவ்வொரு அறையின் நான்கு மூலை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவு டேப்பை வைத்து ஒரு படம். பழுதான ஒவ்வொரு சாமானும், பின்புறம் இருக்கும் எண்ணோடு. படங்கள் அன்றே உங்களுக்கு வந்துவிட வேண்டும், அவர்கள் போன் மறுபடி நனையலாம். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தகவல் கொடுத்து ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வருவாய் ஆய்வாளர் வரும்வரை பாழான மெத்தை, அலமாரி திண்ணையிலேயே கிடக்கட்டும். ஃபெஞ்சலின்போது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத் தரப்பட்டது; சேதமான குடிசைக்கு 10,000, இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அட்டைப் பணம் கடைக்கு வந்துவிடும். மற்றவை கணக்கெடுப்பில் பெயர் ஏறினால்தான் வரும். மாடு செத்தால் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதும்முன் புதைக்கக் கூடாது. பயிர்க்காப்பீடு இருந்தால் வயல் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

பத்திரத்துக்கு வருவோம். ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது, உள்ளே பூசணம் பிடித்துவிடும். நிழலில், பருத்தித் துணிமேல், மின்விசிறிக் காற்றில் தானாகப் பிரியும்வரை விட வேண்டும். இரண்டு நாளுக்குள் காயாது என்று தோன்றினால் பிளாஸ்டிக் பையில் போட்டு, மின்சாரம் உள்ள உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூசணம் நின்றுவிடும், அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். பேனா மையில் எழுதிய பழைய பத்திரத்தைக் கழுவவே வேண்டாம், எழுத்து கரைந்து போகும். மனதைத் தளரவிடாதீர்கள், பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். ஆவண எண், ஆண்டு தெரிந்தால் வேலை சுலபம். பட்டா, சிட்டா இணையத்திலேயே எடுக்கலாம், சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் வேண்டும். இந்த எண்களோடு குடும்ப அட்டை, ஆதார், மின் இணைப்பு எண், சமையல் கேஸ் இணைப்பு எண், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து இங்கே உங்களிடம் வையுங்கள்.

கிணற்றை அவசரமாக ஒரேயடியாக இறைக்க வேண்டாம். சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கினால் உறை உள்பக்கம் சரியும். தெளியும்வரை விட்டுவிட்டு இறைத்து, பிறகு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள வட்டக்கிணற்றில் சுமார் 9400 லிட்டர் இருக்கும், அதற்கு 24 கிராம். வெள்ளச் சேறு குளோரினைத் தின்றுவிடும் என்பதால் இந்த அளவு பத்தாது. சுகாதாரப் பணியாளரை வரவழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். போட்டு ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கும்வரை திரும்பப் போட வேண்டும். பவுடரை வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்குங்கள், அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். திறந்து கிடந்த பழைய பவுடரில் சத்து இருக்காது. அதுவரை குடிக்கக் கொதித்த நீர்தான். தரையைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் ஆசிட்டைச் சேர்த்தால் விஷவாயு கிளம்பும், இதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

நீங்கள் எப்போது போவது? முதல் மூன்று நாள் வேண்டாம். சாலை இருக்காது, முகாமில் நீங்களும் ஒரு வாய். அவர்கள் வீடு திரும்பும் நாளுக்குப் போய்ச் சேருமாறு டிக்கெட் எடுங்கள்; வயர், கிணறு, கணக்கெடுப்பு எல்லாம் அந்த வாரத்தில்தான். சிங்கப்பூர் வேலைச் சட்டம் அவசரக் குடும்ப விடுப்பு என்று தனியாக எதையும் கட்டாயமாக்கவில்லை, அது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமாக ஐந்து நாள் ஆண்டு விடுப்பை மிச்சம் பிடித்து வையுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோகலாம். சேட்டிலைட் போன் மட்டும் வேண்டாம், அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோனால் வழக்கு வரும்.

பணம் திரட்டும் விஷயத்தில் கவனம். தோழி ஒருத்தி உங்கள் அம்மாவுக்கு என்று 50 வெள்ளி தருவது வேறு. பேநவ் க்யூஆரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டு "எங்கள் ஊர் வெள்ள நிவாரணம்" என்று கேட்பது வேறு. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி கேட்க இங்கே அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். வாங்கியதை ஊர் மன்றக் கணக்கில் போடுவதிலும் சிக்கல் உண்டு. வெளிநாட்டவர் பணத்தை வாங்க அந்த மன்றம் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் நிதி திரட்டினால் நண்பர்களை அங்கே அனுப்புங்கள். இல்லையென்றால் தமிழக முதலமைச்சர் பொது நிவாரண நிதி இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. சேற்றில் இறங்கும்போது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள், கால் புண்ணை மூடுங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தலைகாட்டும். நீங்கள் அப்போது செங்காங்குக்குத் திரும்பியிருப்பீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் பாலிகிளினிக்கில் டாக்டர் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார். வெள்ளத் தண்ணீரில் நின்றதை நீங்களாகவே சொல்லுங்கள். ஊரில் முகாம் மருத்துவர் எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்திருந்தால் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.