ஆஸ்துமா ஊசிகள்: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, கடுமையான ஆஸ்துமா. ரத்தத்தில் ஈசினோஃபில் (அலர்ஜியில் கூடும் ஒருவகை வெள்ளணு) 90 தான் இருக்கிறது, ஊசி பலிக்காது என்கிறார்கள். அப்படியா, டாக்டர்?

பதில்: ரத்தம் கொடுத்த அன்று ப்ரெட்னிசோலோன் மாத்திரை ஓடிக்கொண்டிருந்ததா? முதலில் அதைப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சில மணி நேரத்திலேயே ஈசினோஃபிலை ரத்தத்திலிருந்து இறக்கிவிடும். அந்த 90-ஐ நம்பி முடிவெடுக்க முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். சில லேப்களில் சதவீதம் மட்டும்தான் போடுவார்கள்: மொத்த வெள்ளணு 8000, ஈசினோஃபில் 5% என்றால் எண்ணிக்கை 400. மாத்திரை இல்லாத காலத்தில் 300-ஐத் தாண்டியிருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். இல்லையென்றால் மாத்திரைக் கோர்ஸ் முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். தினசரி மாத்திரையில் இருப்பவர் டெஸ்ட்டுக்காகத் தானாக நிறுத்தவே கூடாது. டாக்டர் குறைத்துக் கொடுக்கும் டோஸிலேயே பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: ஒரே நோய்க்கு ஏன் இத்தனை ஊசி?

பதில்: சங்கிலி நீளம், ஒவ்வொன்றும் ஒரு கண்ணியைப் பிடிக்கிறது. தூசியோ வைரஸோ பட்டதும் மூச்சுக்குழாயின் உள்தோல் டிஎஸ்எல்பி என்ற அபாயச் செய்தியை விடுகிறது. அதைக் கேட்ட தற்காப்பு செல்கள் மூன்று சமிக்ஞைகளைச் சுரக்கின்றன: ஐஎல்-5 ஈசினோஃபிலை வளர்க்கும், ஐஎல்-4 ஐஜிஇ என்ற அலர்ஜி எதிரணுவைப் பெருக்கும், ஐஎல்-13 சளியைக் கூட்டிக் குழாயை இறுக்கும்.

ஒமாலிசுமாப் ஐஜிஇ-யைக் கவ்வும். மெபோலிசுமாப் ஐஎல்-5-ஐப் பிடிக்கும். பென்ரலிசுமாப் ஈசினோஃபிலின் மேலேயே ஒட்டி, கொல்லி செல்களை அழைத்துத் தீர்த்துக்கட்டும்; அதனால்தான் முதல் மூன்று ஊசிக்குப் பிறகு 8 வாரத்துக்கு ஒன்று போதும். டுபிலுமாப் ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டுக்கும் பொதுவான வாசலை அடைக்கும்; மூக்கில் சதை வளர்ச்சியும் இருந்தால் அதுவும் சுருங்கும். டெசெபெலுமாப் டிஎஸ்எல்பி-யையே தடுப்பதால் ஈசினோஃபில் குறைவானவர்களுக்கும் ஓரளவு உதவும்.

கேள்வி: ஒமாலிசுமாப் ஆரம்பித்த பின் ஐஜிஇ 240-லிருந்து 900 ஆகிவிட்டதே!

பதில்: பயம் வேண்டாம். மருந்தோடு ஒட்டிய ஐஜிஇ உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். டெஸ்ட் அதையும் சேர்த்து எண்ணுகிறது. ஊசியை நிறுத்தி ஒரு வருடம் வரைகூட ஏறியே இருக்கலாம். டோஸ் கணக்கு தொடக்க எண், எடை இரண்டையும் வைத்துத்தான்.

கேள்வி: தொடங்கும் முன் புழு டெஸ்ட் எதற்கு?

பதில்: ஈசினோஃபிலும் ஐஜிஇ-யும் புழுவை எதிர்க்கும் படை. வெறுங்காலில் மண்ணில் நடப்பவர்களுக்குத் தோல் வழியே ஏறும் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் புழுவும் இதே எண்களை ஏற்றும். ஒரே ஒரு மல டெஸ்ட்டில் அது தப்பிவிடும், ரத்த எதிரணு டெஸ்ட்டும் கேளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பழகிய பின், டாக்டர் சம்மதித்தால். மெபோலிசுமாப் பேனாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 30 நிமிடம் வெளியே வையுங்கள்; வெந்நீரில் போட வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, அல்லது தொடையில். இன்ஹேலர் வழக்கம்போலத் தொடரும். வீசிங் வந்த நேரத்தில் இந்த ஊசி எதுவும் காப்பாற்றாது.