கேள்வி–பதில்: குழைந்துபோன உருளைக்கிழங்கு

கேள்வி: 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 2022ல் நடத்திய வாக்கெடுப்பில் 'ழான் தீல்மன்' உலகின் தலைசிறந்த படமாக வந்தது. ஆசையாகப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பெண் சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், உருளைக்கிழங்கு சீவுகிறார். இதில் என்னதான் இருக்கிறது? (வாசகி, திருப்பூர்)

பதில்: முதல் தடவை எனக்கும் முடியவில்லை, நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு 201 நிமிடமும் உட்கார்ந்து பார்த்தேன். கணவரை இழந்த ஒரு பெண், ஒரே மகன், பிற்பகலில் ஆண்கள் வந்து பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அந்தப் பணத்தைச் சாப்பாட்டு மேஜை மேலிருக்கும் சூப் கிண்ணத்தில் போட்டு மூடிவைக்கிறார். முதல் நாள் எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கிறது. இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோகிறது. அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் வீட்டுக்குள் நடக்கிறார் பாருங்கள், எனக்கு அடிவயிறு கலங்கியது. கிண்ணத்துக்கு மூடி போட மறக்கிறார். நேற்று பார்த்த அதே ஒழுங்கு இன்று எங்கெல்லாம் பிசகுகிறது என்று நாமே கவனிக்கத் தொடங்கிவிடுகிறோம், முதல் நாளின் அத்தனை நீளமும் இதற்காகத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

என் அம்மா ஒருநாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். நாங்கள் கத்தினோம். காலையிலிருந்தே அவருக்கு உடம்பு சரியில்லை என்பது ராத்திரிதான் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

படம் முதன்முதலில் திரையிடப்பட்டபோது அதை இயக்கிய ஷந்தால் அகெர்மனுக்கு வயது 24. 1952லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண் இயக்கிய படம் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. என் பட்டியலில் முதலிடம் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'க்குத்தான், ஆனாலும் அகெர்மன் படம் மேலே வந்ததில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். உங்களுக்கு இன்னும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதில் தவறே இல்லை.

கேள்வி: எல்லோரும் கொண்டாடி உங்களுக்குப் பிடிக்காத இயக்குநர்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கோதார். 'பிரெத்லெஸ்' பிடிக்கும், அதன் துள்ளல் இன்றும் பழசாகவில்லை. அப்புறம் வந்த பல படங்களில் ஆட்கள் என்னோடு பேசாமல் என் தலைக்கு மேலே யாரோடோ பேசுவதுபோல இருக்கிறது. ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனுக்கும் கோதாரைப் பிடிக்காது, பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரையர் மேதையா, அதிர்ச்சி வியாபாரியா? (வாசகர், மதுரை)

பதில்: படத்துக்குப் படம் என் பதில் மாறும். 2000ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'டான்ஸர் இன் த டார்க்' எனக்குப் பிடிக்கவில்லை. பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒரு தாய், மகனின் கண் சிகிச்சைக்காகக் காசு சேர்க்கிறாள், கடைசியில் தூக்குமேடை. என் கழுத்தைப் பிடித்து அழு, அழு என்று அமுக்கியதுபோல இருந்தது. அழுதேன், ஆனால் கோபத்தோடுதான் எழுந்து வந்தேன். மூன்று வருடம் கழித்து அதே ஆள் எடுத்த 'டாக்வில்' வேறு ரகம். ஒரு ஊர் முழுவதையும் தரையில் சாக்பீஸ் கோடாகப் போட்டுவிட்டார், சுவரே கிடையாது. ஒரு வீட்டுக்குள், அந்த ஊருக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுமை நடக்கும்போது பக்கத்து வீடுகளில் மற்றவர்கள் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருப்பது ஒரே சட்டகத்தில் தெரிகிறது. அவர்களுக்குச் சுவர் இருக்கிறது, நமக்கு இல்லை. ஊர் எப்படிக் கண்டும் காணாமல் இருக்கும் என்பதை இதைவிட நேராக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. 2011ல் கான் பத்திரிகையாளர் சந்திப்பில் ஹிட்லரைப் பற்றி அவர் பேசிய பேச்சு அருவருப்பானது, விழாக்காரர்கள் அவரை வெளியேற்றியது சரி. இருந்தாலும் 'டாக்வில்'லை நான் கைவிட மாட்டேன்.

கேள்வி: கொரிய இயக்குநர் கிம் கி டுக்கை ஒரு காலத்தில் கொண்டாடினீர்கள். இப்போது பேச்சே இல்லையே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில், முக்கியமாகக் கேரளத்தில், கொரியாவைவிட அவருக்கு அதிக ரசிகர்கள் இருந்தார்களோ என்று தோன்றும், 2013ல் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு அவர் வந்தபோது கூட்டம் மொய்த்தது. எனக்கு '3-அயர்ன்' உயிர். ஆளில்லாத வீடுகளுக்குள் நுழைகிற ஒரு பையன் எதையும் திருடாமல் துணி துவைத்துப்போடுகிறான், பழுதான எடைமெஷினைச் சரிசெய்கிறான். முடிவில் அவனும், அப்படி நுழைந்த ஒரு வீட்டில் அவன் சந்தித்த பெண்ணும் எடைமெஷினில் ஏறி நிற்கிறார்கள், முள் பூஜ்யத்தில் நிற்கிறது. அந்த முள்ளைப் பற்றி நண்பர்களோடு விடிய விடியப் பேசியிருக்கிறேன்.

படப்பிடிப்பில் ஒரு நடிகையை அறைந்ததற்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2018ல் கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நடிகைகள் அவர்மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சொன்னார்கள். அவர் மறுத்தார், வழக்கும் போட்டார். 2020 டிசம்பரில் லாட்வியாவில் கொரோனாவால் இறந்தார். அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு அப்புறம் என்னால் அவர் படங்களைப் பார்க்க முடியவில்லை. வாயே திறக்காத பெண்கள் அவர் படங்களில் நிறைய. அன்று அதைக் கவிதை என்று எழுதினேன், இன்று அந்த மௌனத்தைப் பார்த்தால் அதை யார் கேட்டு வாங்கியிருப்பார் என்றுதான் யோசனை ஓடுகிறது. பார்க்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். கொரியப் படம் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் இப்போது லீ சாங்-டாங் எடுத்த 'பொயட்ரி'யைச் சொல்கிறேன். பையன்கள் செய்த குற்றத்தைப் பணம் கொடுத்து மூடப்பார்க்கிறார்கள் அவர்களுடைய அப்பாக்கள், அந்தப் பையன்களில் ஒருவனின் பாட்டி மட்டும் அந்தக் குற்றத்தால் செத்துப்போன பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.