வெள்ளைத் திமிங்கலமும் நாற்பது ஆண்டுக் கோபமும்: வாசகர் கேள்வி-பதில்

ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ (1851) நாவலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: ‘மோபி டிக்’ என்று மாலுமிகள் அழைக்கும் வெள்ளைத் திமிங்கலத்திடம் ஒரு காலைப் பறிகொடுத்த கேப்டன் ஆகாப், எண்ணெய்க்காகத் திமிங்கல வேட்டைக்குப் புறப்பட்ட ‘பீக்வாட்’ கப்பலைத் தன் பழிவாங்கலுக்குத் திருப்பி, கப்பலோடும் மாலுமிகளோடும் அழிகிறான். பிழைத்த ஒரே ஒருவனான இஸ்மவேல் அந்தக் கதையைச் சொல்கிறான்.

கேள்வி: இஸ்மவேல் ‘நான்’ என்று கதை சொல்லத் தொடங்குகிறான். ஆனால் 37-ஆம் அத்தியாயத்தில், ஆகாப் தன் அறையில் தனியே உட்கார்ந்து பேசுவதெல்லாம் அப்படியே வருகிறது. இது ஆசிரியரின் கவனக்குறைவு அல்லவா?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: கவனக்குறைவு என்று சொல்ல முடியாத அளவுக்கு அதை வெளிப்படையாகவே செய்திருக்கிறார். நீங்கள் குறிப்பிடும் அத்தியாயம் நாடகப் பிரதியைப் போலக் காட்சிக் குறிப்புடன் தொடங்குகிறது. அடுத்த இரண்டு அத்தியாயங்களில் துணை அதிகாரிகளான ஸ்டார்பக்கும் ஸ்டப்பும் தனிமொழி பேசுகிறார்கள். 40-ஆம் அத்தியாயமோ பேசுபவரின் பெயர், பேச்சு என்று முழு நாடகமாகவே அச்சாகியிருக்கிறது. அது முடிந்ததும், 41-ஆம் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே இஸ்மவேல் திரும்பி வந்து, அந்த மாலுமிகளில் தானும் ஒருவன் என்றும், அவர்களோடு சேர்ந்து தானும் கூச்சலிட்டு, அந்தத் திமிங்கலத்தை வேட்டையாடுவதாகச் சத்தியம் செய்ததாகவும் சொல்கிறான். இந்த வரிசையைக் கவனித்தால், தான் ஏன் அன்று கத்தினோம் என்பதைப் பின்னாளில் புரிந்துகொள்ள முயலும் ஒருவன், தன்னை ஆட்டிவைத்த மனிதனின் மனத்துக்குள் கற்பனையால் நுழைந்து பார்க்கிறான் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. காதால் கேட்டதை மட்டும் சொல்பவனாக இருந்திருந்தால் ஆகாப் நமக்கு ஒரு முரட்டு முதலாளியாக மட்டுமே தெரிந்திருப்பான்.

மெல்வில் இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் கொடுத்தார். 1851 அக்டோபரில் ‘த வேல்’ என்ற தலைப்பில் மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்த பதிப்பில், இஸ்மவேல் உயிர் பிழைத்ததைச் சொல்லும் பின்னுரை விடுபட்டுப் போயிற்று. எல்லோரும் மூழ்கிவிட்டார்கள் என்றால் கதையைச் சொல்வது யார் என்று அங்கிருந்த விமர்சகர்கள் சிலர் கடிந்துகொண்டார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் வந்த பதிப்பில் பின்னுரை இருந்தது.

கேள்வி: வெள்ளைத் திமிங்கலம் எதன் குறியீடு? கடவுள் என்கிறார் ஒரு பேராசிரியர், இயற்கை என்கிறார் இன்னொருவர், தீமை என்கிறது கையேடு. தேர்வில் எதை எழுதுவது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மூன்றில் எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் நாவல் உங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கு ஒரே விடை வைத்திருப்பவனை நம் கண்முன் நிறுத்திவிட்டது. அவன்தான் ஆகாப். கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் யாவும் அட்டை முகமூடிகள், அவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு வன்மம் ஒளிந்திருக்கிறது, அந்த வன்மம் இந்தத் திமிங்கலத்தில் குவிந்திருக்கிறது என்பது 36-ஆம் அத்தியாயத்தில் அவன் அடித்துச் சொல்லும் கருத்து. இஸ்மவேல் அப்படி அடித்துச் சொல்வதில்லை. 42-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், ஆகாபுக்குத் திமிங்கலம் எதுவாக இருந்தது என்பதைக் குறிப்பாகச் சொல்லியாயிற்று, எனக்குச் சில வேளைகளில் எதுவாக இருந்தது என்பதை இன்னும் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, வெண்மை என்ற நிறத்தைப் பிடித்துக்கொள்கிறான். பெகு நாட்டு (இன்றைய மியான்மர்ப் பகுதி) அரசர்களின் வெள்ளை யானை முதல் துருவக் கரடி, அல்பட்ராஸ் பறவை வரை சான்று மேல் சான்றாக அடுக்கிக்கொண்டே போகிறான். புனிதத்தைக் காட்டும் அதே நிறம் ஏன் அச்சத்தையும் கூட்டுகிறது என்ற கேள்வி அங்கே தீர்வதேயில்லை. வெண்மை என்பது நிறமே இல்லாமையா, எல்லா நிறங்களின் சேர்க்கையா என்ற ஐயத்தோடுதான் அத்தியாயம் முடியும் இடத்துக்கு வருகிறது.

இதைவிடத் தெளிவான பாடம் 99-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் கண்டு குரல் கொடுப்பவனுக்குப் பரிசாக ஆகாப் பாய்மரத்தில் அறைந்துவைத்த ஈக்வடார் நாட்டுத் தங்கக் காசை, ஒவ்வொருவராக வந்து உற்றுப் பார்க்கிறார்கள். அதில் மூன்று மலைகளும், அவற்றின் உச்சிகளில் ஒரு தீச்சுடரும் ஒரு கோபுரமும் கூவும் சேவலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றுமே ஆகாப்தான் என்கிறான் ஆகாப். பக்திமானாகிய ஸ்டார்பக்குக்கு அந்த மலைகள் கிறிஸ்தவத் திரித்துவத்தை (தந்தை, மகன், தூய ஆவி) நினைவூட்டுகின்றன. ஸ்டப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து ராசிகளை வாசிக்கிறான். மூன்றாம் அதிகாரி ஃபிளாஸ்க்குக்கோ அது பதினாறு டாலர், சுருட்டு இரண்டு சென்ட் வீதம் 960 சுருட்டு. (கணக்குப்படி 800தான் வரும், பிசகு ஃபிளாஸ்க்குடையதா மெல்விலுடையதா என்று இன்றும் சிரித்துக்கொண்டே விவாதிக்கலாம்.) கடைசியில் மனம் பேதலித்த சிறுவன் பிப் வந்து, நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று இலக்கணப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த அத்தியாயத்தில் சரியாக வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பது என் கருத்து.

ஆகவே தேர்வில், திமிங்கலம் யாருக்கு எதுவாகத் தோன்றுகிறது என்றும், அந்தத் தோற்றம் அவரைப் பற்றி எதைக் காட்டிக்கொடுக்கிறது என்றும் எழுதுங்கள். தன் கதையை யாரும் வெறும் உருவகக் கதையாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று இஸ்மவேலே 45-ஆம் அத்தியாயத்தில் கவலைப்பட்டு, 1820-இல் எஸ்ஸெக்ஸ் என்ற கப்பலைத் திமிங்கலம் மோதி மூழ்கடித்த உண்மை நிகழ்ச்சியைச் சாட்சியாகக் கொண்டுவருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆகாப் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று ஸ்டார்பக்குக்கு ஆரம்பத்திலேயே தெரிகிறது. நல்லவனும் தைரியசாலியுமான அவன் ஏன் தடுக்கவில்லை?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தடுக்கும் வாய்ப்பு அவன் கைக்கே வந்தது. 123-ஆம் அத்தியாயத்தில், முன்பு தன்னை நோக்கி ஆகாப் நீட்டிய அதே துப்பாக்கியோடு, அவன் உறங்கும் அறைக்கு வெளியே ஸ்டார்பக் நிற்கிறான். சுட்டால் முப்பது பேர் பிழைப்பார்கள், தானும் மனைவியையும் மகனையும் பார்க்கலாம் என்று எண்ணுகிறான். பிறகு துப்பாக்கியை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். இதற்கான காரணத்தை ஆசிரியர் 26-ஆம் அத்தியாயத்திலேயே விதைத்திருக்கிறார். தந்தையையும் சகோதரனையும் கடலுக்குக் கொடுத்த ஸ்டார்பக்கின் துணிவு, காற்றையும் அலையையும் திமிங்கலத்தையும் தாங்கும். பெரும் சினம் கொண்ட ஒரு வல்லமையான மனிதனின் நெற்றிச் சுளிப்பை மட்டும் தாங்காது.

இன்னொரு காரணமும் உண்டு: ஆகாப் முழு அரக்கனாக இருந்திருந்தால் சுடுவது எளிதாக இருந்திருக்கும். இறுதி வேட்டைக்கு முந்தைய 132-ஆம் அத்தியாயத்தில், நாற்பது ஆண்டுகளைக் கடலில் தொலைத்ததையும், ஐம்பது வயதுக்கு மேல் ஓர் இளம்பெண்ணை மணந்து மறுநாளே கப்பலேறியதையும் ஆகாப் ஸ்டார்பக்கிடம் சொல்கிறான்; அவன் கண்ணீர்த் துளி ஒன்று கடலில் விழுகிறது. ஸ்டார்பக் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று கெஞ்ச, ஒரு கணம் அவன் இணங்கிவிடுவான் என்றே நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் இதற்குச் சற்று முன்புதான், காணாமல்போன தன் மகனைத் தேட உதவுமாறு மன்றாடிய ‘ராகேல்’ கப்பலின் கேப்டனை அவன் மறுத்து அனுப்பியிருக்கிறான். இரண்டும் ஒரே மனிதன்தான். வில்லனா நாயகனா என்று பிரிக்க முயல்பவர்கள் இந்த இரண்டு அத்தியாயங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: திமிங்கல வகைகள், எலும்பு, கயிறு பற்றிய அத்தியாயங்களைத் தாண்டிவிட்டுப் படிக்கலாமா?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: திமிங்கல வகைகளைப் பட்டியலிடும் 32-ஆம் அத்தியாயத்தைத் தாண்டினால் பெரிய இழப்பில்லை. 55-ஆவதை நம் வாசகர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். திமிங்கலத்தின் மிகப் பழைய சித்திரம் எலிஃபெண்டா குகையில் இருப்பதாகவும் அது விஷ்ணுவின் மச்ச அவதாரம் என்றும் இஸ்மவேல் அதில் கதையளக்கிறான். 60-ஆவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேட்டைப் படகில் ஈட்டியோடு கட்டிய கயிறு எப்படிச் சுருட்டப்பட்டிருக்கும், அது பாயும்போது துடுப்பு வலிப்பவர்களைச் சுற்றி எப்படி ஓடும் என்பதைச் சலிப்பூட்டும் நுணுக்கத்தோடு அங்கே விளக்கியிருக்கிறார். 135-ஆம் அத்தியாயத்தில் ஆகாபின் கழுத்தில் சுற்றி அவனை ஓசையின்றி இழுத்துப்போவது அந்தக் கயிறுதான். முன்பே படித்தவர்களுக்கு அங்கே விளக்கம் தேவைப்படாது, மெல்விலும் தருவதில்லை.