நகரப் பூங்காவுக்கான சிற்பத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

தம் நகரப் பூங்காவுக்குச் சிற்பம் தேர்வுசெய்யும் குழுவில் இருக்கும் ஒருவர், வந்திருக்கும் மாதிரிகளை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறார். அழகைப் பற்றிய விவாதம் எப்படியும் நடக்கும். அதற்கு முன்பாகவே, பூங்காவுக்கு வருகிறவர்கள் அந்தச் சிற்பத்தின் அருகில் என்ன செய்வார்கள், அதை யார் பராமரிப்பார்கள் என்ற இரண்டையும் குழு கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிகாகோவின் மில்லினியம் பூங்காவைப் பார்த்த பிறகு எனக்கு இது தெளிவாயிற்று. அங்கே சிற்பத் தேர்வுக் குழுவின் முன் வந்தவற்றில் ஒன்று, அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் 150 அடிச் சறுக்குமரம். 90 அடி உயரத்தில் பார்வை மேடையும், அதற்கு ஏறிச் செல்ல லிஃப்டும் அதில் உண்டு. மற்றொன்று, மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூரின், அடியில் வளைவு கொண்ட பளபளக்கும் எஃகு வடிவம். குழு கபூரைத் தேர்ந்தெடுத்தது. லிஃப்டுக்காக வரிசையில் நிற்கவைக்கும் ஒன்றைவிட, முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் நினைத்த நேரத்தில் அடியில் புகுந்து செல்லக்கூடிய ஒன்றே பூங்காவுக்குப் பொருந்தும் என்பதால், அது மிகச் சரியான தேர்வு என்றே கருதுகிறேன்.

'கிளவுட் கேட்' என்ற அந்தச் சிற்பம், 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்புகளின் தடமே தெரியாதபடி மெருகேற்றி, 2006இல் முடிக்கப்பட்டது. அதன் 12 அடி வளைவுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள், நீண்டும் நெளிந்தும் பலவாகத் தெரியும் உருவங்களில் தம்முடையது எது என்று அறியக் கையை ஆட்டிப் பார்க்கிறார்கள். அப்படியே தொட்டும் பார்க்கிறார்கள். அதனால் தரையிலிருந்து 6 அடி உயரம் வரை நாளுக்கு இருமுறை கையால் துடைக்க வேண்டியிருக்கிறது. 60 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்ட செலவு 2 கோடியே 30 லட்சத்தைத் தொட்டது; தனியார் நன்கொடையால்தான் அது தாங்கக்கூடியதாயிற்று.

இதற்கு நேர்மாறானது நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் 1981இல் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா நிறுவிய 'டில்ட்டட் ஆர்க்'. 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட அந்த எஃகுச் சுவர், அன்றாடம் சதுக்கத்தைக் குறுக்கே கடந்து அலுவலகம் சென்றவர்களைச் சுற்றிப் போகவைத்தது. எதிர்ப்பும் விசாரணையும் வழக்கும் தொடர்ந்து, 1989இல் அது அகற்றப்பட்டது. அதன் கலைத்தரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அந்த வழியில் நடப்பவர்களிடம் முன்கூட்டியே மனம்விட்டுப் பேசியிருந்தால் இத்தனை கசப்பு நேர்ந்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

ஆகவே முடிவெடுக்கும் முன், உத்தேச அளவிலேயே மூங்கிலாலோ பிளைவுட்டாலோ ஒரு கூடு கட்டி, சிற்பம் வரவிருக்கும் இடத்தில் சில நாட்கள் நிறுத்திவைத்து, மக்கள் எவ்வழி ஒதுங்குகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று காலையும் மாலையும் கவனியுங்கள். வெயில் கொளுத்தும் ஊரானால், நண்பகலில் அந்த உலோகத்தின் மீது குழந்தை கை வைத்தால் சுடுமா என்று கலைஞரிடமே கேளுங்கள். பத்தாண்டுப் பராமரிப்புக்கு ஆகும் செலவை எழுத்துமூலம் வாங்கி, அதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.