உயில் எழுத வக்கீல் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாக உயில் எழுதிக் கொடுக்கிறேன், மற்றவர்கள் எழுதிய உயிலுக்காகக் கோர்ட்டிலும் நிற்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் விபத்து வழக்கை நடத்திய வக்கீல் நல்லவர். உயிலுக்கும் அவரிடமே போகலாமா?

நல்லவர் என்பது மட்டும் போதாது. இதுவரை எத்தனை உயில் எழுதியிருக்கிறார், அதில் எதையாவது யாராவது எதிர்த்து வழக்குப் போட்டார்களா என்று நேராகக் கேளுங்கள். அப்புறம், அவர் உங்களை என்ன கேட்கிறார் என்று பாருங்கள். முந்தைய திருமணம், தத்துப்பிள்ளை, கடன், கூட்டுப் பெயரில் உள்ள வீடு, வேறு நாட்டில் இருக்கும் சொத்து, இதையெல்லாம் அவராகவே கேட்க வேண்டும். உங்கள் மகன் உங்களுக்கு முன்னால் இறந்துவிட்டால் அவன் பங்கு யாருக்கு என்று கேட்காமல் எழுத ஆரம்பிக்கிற வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 82 வயது. நான் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசி, என்ன எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்கலாமா?

வேண்டாம். வக்கீலைத் தேடிக் கொடுங்கள், வாசல் வரை கூட்டிப் போங்கள், அதோடு சரி. அந்த வக்கீலுக்குக் கட்சிக்காரர் உங்கள் அப்பாதான், நீங்கள் இல்லை. பேசும்போது நீங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது, கட்டணமும் அவர் பணத்திலிருந்து போவதே நல்லது.

என்னிடம் வந்த ஒரு வழக்கில், பதினோரு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகள் அவளே வக்கீலை அமர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லியிருந்தாள். அண்ணன் எதிர்த்தார். வீடு மகளுக்குத்தான் என்பது அம்மாவின் உண்மையான விருப்பம் என்று நான் இன்றும் நம்புகிறேன், ஆனால் நிரூபிக்க முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வயது மட்டும் தடை இல்லை. 1870-இல் இங்கிலாந்தில் வந்த பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ தீர்ப்பில், மனப்பிரமை இருந்த ஒருவரின் உயிலே செல்லும் என்றார்கள். உயில் என்றால் என்ன, தன் சொத்து எவ்வளவு, தன்னை நம்பியிருப்பவர்கள் யார் என்பது அவருக்குப் புரிந்ததா, பிரமை அந்த முடிவைப் பாதித்ததா என்பதே கேள்வி. அப்பாவிடம் தனியாகப் பேசி அதைக் குறித்து வைக்கிற வக்கீல் வேண்டும். மருத்துவரின் சான்றும் அதே நாளில் வாங்கிவிடுங்கள்.

கட்டணம் எப்படிப் பேசுவது?

எழுத்தில் வாங்குங்கள். பின்னால் திருத்தினால் தனிக் கட்டணமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வக்கீலே எதற்கு? வெள்ளைத்தாளில் கைப்பட எழுதினால் செல்லும். இது வக்கீல்கள் கிளப்பிய பயம்.

பிரான்சில் செல்லும், முழுவதும் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டிருந்தால். அதே தாள் இங்கிலாந்தில் வெறும் தாள். அங்கே 1837-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும்.

இரண்டு சாட்சிதானே, என் மனைவியும் மைத்துனரும் போடுவார்கள். அதற்கு வக்கீல் வேண்டுமா?

சொத்து மனைவிக்கா? அப்படியென்றால் இங்கிலாந்துச் சட்டப்படி உயில் நிற்கும், அவருக்கு எழுதியது போய்விடும். சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கு எழுதினாலும் அதே கதிதான். நீங்கள் எளிது என்று நினைத்த இடத்திலேயே இப்படி ஆகிறது, இதனால்தான் சொல்கிறேன்.

வக்கீல் எழுதினால் மட்டும் வழக்கு வராதா?

வரும். ஆனால் உயில் எழுதியவர் இல்லாதபோது, அன்று அவர் என்ன சொன்னார், யார் உடன் இருந்தார் என்று சாட்சி சொல்ல அந்த வக்கீலின் கோப்பு இருக்கும். நீங்கள் காசு கொடுப்பது வாக்கியத்துக்கு மட்டும் இல்லை, அந்தக் குறிப்புக்கும்தான். ஒரே ஒரு வங்கிக் கணக்கு, ஒரே வாரிசு என்றால் நீங்களே எழுதுங்கள், சரி என்றுதான் நானும் சொல்வேன். வீடு, இரண்டாம் திருமணம், பேச்சு நின்றுபோன பிள்ளை, இதில் ஒன்று இருந்தாலும் வக்கீலிடம் போங்கள்.

மாமியாருக்காக நான் வக்கீலிடம் பேசலாமா?

82 வயது அப்பாவுக்குச் சொன்ன பதில்தான்.

அம்மாவுக்குக் காது கேட்காது, அதனால் நான் கூட உட்கார்ந்து…

உட்காராதீர்கள். கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், பங்கு இல்லாத ஒருவரை உதவிக்கு வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறை சொல்கிறேன்: பங்கு பெறுகிறவர் அறைக்கு வெளியே.

வாரிசுக்கு வரி எவ்வளவு வரும்?

என் துறை இல்லை, வரி ஆலோசகரைக் கேளுங்கள்.

எழுதி முடித்த அசலை எங்கே வைப்பது?

வக்கீலிடமோ, உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமித்தவரிடமோ. உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் வைத்தால், நீங்கள் போன பிறகு அதைத் திறக்க வாரிசுகள் அலைய நேரும். எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள்.